எழுபத்தெட்டாவது வரிசை

அருப்புக்கோட்டை
5.10.1986

அன்பின் ஷீலாவுக்கு,

கர்த்தருக்குத் தோத்திரம். மதினி ஜாய்ஸ் எழுதுவது. நானும் உன் அண்ணனும் சுகம். நீ கோத்தகிரி போய் மூன்று வாரமாகிறது. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு கார்டு போட்டதோடு சரி. ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, உனக்கு எத்தனை பிள்ளைகள் பொறுப்பு, குளிரைத் தாங்குகிறாயா, எல்லாம் விவரமாக எழுது.

இங்கே மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொத்தமல்லி விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். உன் அண்ணனுக்கு மில்லில் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் இருமல் விட்டபாடில்லை. டைம் கீப்பர் வேலைதானே, உள்ளே போகாமல் இருங்கள் என்றால் கேட்பதில்லை.

ஷீலா, சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். நீ இப்படி வீட்டை விட்டுப் போனதில் எனக்கு வருத்தம்தான். உன்னை என் தம்பி இன்பராஜுக்குக் கேட்டதே நான்தான். நீதான் எங்கள் பாலவனத்தம் வீட்டுக்கு மருமகள் என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி, அவன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்த நேரம் பார்த்து எல்லோரையும் வரவழைத்து, உறுதி பண்ண உட்கார்ந்த நாளில் இப்படி ஆகிவிட்டது. நான் மூன்று மாதம் பின்னிய ஸ்வெட்டரை அவன் எல்லோர் முன்னாலும் போட்டுப் பார்க்கிறான், முன்பக்கம் ஒரு இஞ்சு ஏறி நிற்கிறது. பெரியப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஒரு வரிசை முடித்தால் ஒரு புளியங்கொட்டை டப்பாவில் போடுவது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். முன்பக்கம் பின்னுகிறபோது ஒரு நாள் சாயங்காலம் எண்பத்து நாலு இருந்தது, மறுநாள் காலையில் எழுபத்தெட்டு; குறைந்த ஆறைத் திரும்பப் போட்டுத்தான் மேலே பின்னினேன். வீட்டில் இருந்தது நாம் மூன்று பேர். உன் அண்ணன் அந்த டப்பா பக்கமே வரமாட்டார். அன்றைக்கே கேட்காமல் மனசில் வைத்திருந்தேன், சிரிப்பைக் கேட்டதும் வாயில் வந்துவிட்டது.

பைபிளை நீட்டி, "இதுமேல கை வச்சுச் சொல்லு, என் டப்பாவத் தொட்டியா, தொடலையா?" என்று கேட்டது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நீ தொடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கையையும் வைக்காமல் வாயையும் திறக்காமல் தரையைப் பார்த்து நின்றாய். எங்கள் அம்மா எழுந்துவிட்டார்கள், பேச்சு அதோடு முறிந்தது. நான் என்ன செய்ய?

போகட்டும். நான் உன்னை மன்னித்துவிட்டேன். ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லாத நாள் இல்லை.

இப்படிக்கு,
உன் மதினி ஜாய்ஸ்


கோத்தகிரி
2.11.1986

மதிப்பிற்குரிய மதினிக்கு,

தோத்திரம். நான் சுகம். நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

என் பொறுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். சாப்பாடு நன்றாக இருக்கிறது. குளிர் பழகிக்கொண்டு வருகிறது. அண்ணனுக்கு யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடிக்கச் சொல்லுங்கள். அண்ணன் கையெழுத்தைப் பார்த்து நாளாகிறது.

மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். வாசித்தேன்.

இப்படிக்கு,
ஜெப ஷீலா


அருப்புக்கோட்டை
10.12.1986

அன்பின் ஷீலாவுக்கு,

தோத்திரம். தைலம் வந்தது. உன் அண்ணனுக்கு இருமல் பாதி குறைந்திருக்கிறது. லெட்டர் எழுதச் சொன்னால் நாளைக்கு, நாளைக்கு என்கிறார். ஆம்பிளைகளுக்குக் கடிதம் எழுதுவது என்றால் கிணறு வெட்டுவது போல. ஆனால் நீ எழுதினதை இரண்டு தடவை வாங்கிப் படித்தார்.

கிறிஸ்துமஸுக்கு நீ வரமாட்டாய் என்று நினைத்துச் சேலை எடுத்துப் பார்சல் பண்ணியிருக்கிறேன். ஊதா உனக்குப் பொருந்தும். மழை ஒரு வழியாகப் பெய்தது. பந்தல்குடி ரோட்டில் தண்ணீர் நின்று இரண்டு நாள் பஸ் இல்லை.

மாதர் சங்கத்தில் இந்த வருடம் வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் பின்னி அனுப்புகிறோம். கற்றுக்கொடுப்பது நான். போர்டிங் ஸ்கூலில் பின்னலுக்கு முதல் பரிசு வாங்கினவள் என்று போதகர் ஐயர் சபையில் அறிவித்துவிட்டார், ஒதுங்க முடியவில்லை. பதினோரு பெண்கள். எல்லோருக்கும் புளியங்கொட்டை வழக்கத்தைத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒருத்தி கொட்டையை அவள் பேத்தி வறுத்துத் தின்றுவிட்டது. இன்னொருத்தி போட்டோமா, போடவில்லையா என்று மறந்துபோய் இரண்டாகப் போடுகிறாள். கொட்டை இல்லாமல் துணியைப் பார்த்தே எத்தனை வரிசை என்று எண்ண முடியுமாமே, அது எப்படி என்று சங்கத்துப் பெண்கள் கேட்கிறார்கள். நீ அப்படி எண்ணிப் பார்த்திருக்கிறேன். எனக்கும் தெரியும்தான், ஆனால் அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வரவில்லை. நீ எழுதி அனுப்பு, வாசித்துக் காட்டுகிறேன்.

இன்பராஜ் பதான்கோட்டிலிருந்து கடிதம் போட்டிருந்தான். ஷீலா பிறகு ஏதாவது சொன்னதா என்று கேட்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை என்று பதில் போட்டேன். உண்மைதானே. அம்மா வேறு இடம் பார்க்கிறார்கள். அவன் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
மதினி ஜாய்ஸ்


கோத்தகிரி
4.1.1987

மதிப்பிற்குரிய மதினிக்கு,

புத்தாண்டு வாழ்த்துதல். சேலை கிடைத்தது. நன்றாக இருக்கிறது.

வரிசை எண்ணும் முறையைக் கேட்டிருந்தீர்கள். சங்கத்துப் பெண்களுக்கு இப்படிச் சொல்லுங்கள். பின்னலின் வழவழப்பான பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணியும் இரண்டு நெல் அடியில் ஒட்டிக்கொண்டது போலத் தெரியும். ஓரத்தில் எண்ணினால் குழம்பும், நடுவில் ஏதாவது ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டு நேர் மேலே ஏற வேண்டும். ஒரு நெல் ஜோடி ஒரு வரிசை. பார்டரைச் சேர்க்கக் கூடாது, அதற்கு மேல்தான் ஒன்று. ஊசியில் நிற்கிற வரிசையையும் எண்ண வேண்டும், நிறைய பேர் அதை விட்டுவிடுவார்கள். பத்துக்கு ஒரு தரம் வேறு நிற நூலில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியதில்லை. ஏற்கெனவே பின்னி முடித்ததையும் இப்படி எண்ணிவிடலாம்.

கொட்டை, போட்ட கையைத்தான் சொல்லும். பின்னியது எவ்வளவு என்று நூலைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே காலையில் புல் எல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. அண்ணனை நெஞ்சை மூடிக்கொண்டு மில்லுக்குப் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜெப ஷீலா


அருப்புக்கோட்டை
20.3.1987

அன்பின் ஷீலாவுக்கு,

தோத்திரம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தப்பாக நினைக்காதே. வீட்டில் வேலை, சங்கத்தில் வேலை, நடுவில் எனக்குக் காய்ச்சல். இப்போது சுகம்.

நீ எழுதிய முறையைச் சங்கத்தில் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் சுலபமாகப் பிடித்துக்கொண்டார்கள். குல்லா இருபது, ஸ்வெட்டர் ஒன்பது அனுப்பியாகிவிட்டது. ஐயர் பாராட்டினார்.

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு தடவை வருகிறது. உன் அண்ணன் சைக்கிளில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு அலைகிறார்.

ஒரு விசேஷம். இன்பராஜுக்குக் காரியாபட்டியில் பெண் பார்த்திருக்கிறார்கள். பெயர் பியூலா, டீச்சர் டிரெயினிங் முடித்திருக்கிறது. அம்மா ஐந்தாறு கடிதம் போட்ட பிறகு, உங்கள் இஷ்டம் என்று எழுதிவிட்டான். மே 14 வியாழக்கிழமை, பாலவனத்தம் சபைக் கோயிலில் விவாகம். உனக்குப் பத்திரிகை வரும். அந்தச் சமயத்தில் ஹாஸ்டலில் லீவு கிடைப்பது கஷ்டம் என்று நினைக்கிறேன். வரமுடியாவிட்டால் யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
மதினி ஜாய்ஸ்


கோத்தகிரி
5.4.1987

மதிப்பிற்குரிய மதினிக்கு,

தோத்திரம். நான் சுகம். உங்கள் காய்ச்சல் விட்டது அறிந்து சந்தோஷம்.

விவாகம் நல்லபடி நடக்க ஜெபிக்கிறேன். மே மாதம் ஹாஸ்டலுக்கு விடுமுறைதான். ஆனாலும் வரவில்லை.

சங்கத்துப் பெண்கள் எண்ணக் கற்றுக்கொண்டது சந்தோஷம். நீங்கள் எண்ணிப் பார்த்தீர்களா?

இப்படிக்கு,
ஜெப ஷீலா


அருப்புக்கோட்டை
28.4.1987

அன்பின் ஷீலாவுக்கு,

பத்திரிகை வைத்திருக்கிறேன். கல்யாண வேலையில் உட்கார நேரமில்லை. விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

ஜாய்ஸ்


அருப்புக்கோட்டை
2.6.1987

அன்பின் ஷீலாவுக்கு,

தோத்திரம். உன் அண்ணன் சுகம். என்னைச் சுகம் என்று எழுத முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. நூற்றைம்பது பேர் சாப்பிட்டார்கள். பந்தியில் ஒரு குறையும் இல்லை. பியூலா நல்ல பிள்ளை, வந்த மறுநாளே அம்மாவுக்குக் காலில் எண்ணெய் தேய்த்துவிட்டது. இதெல்லாம் எழுதிவிட்டு இந்தக் கடிதத்தையும் மூடிவிடலாம் என்றுதான் கை போகிறது. போன கடிதத்தையும் அதற்கு முந்தினதையும் அப்படித்தான் மூடினேன். இனி முடியாது.

நீ கேட்டாயே, எண்ணிப் பார்த்தீர்களா என்று. பார்த்தேன். உன் கடிதம் வந்த வாரம், ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சோறு வைக்குமுன் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த ஸ்வெட்டரை எடுத்தேன். சங்கத்துப் பெண்கள் கேட்டார்கள் என்று உனக்கு எழுதியது பொய். எந்தப் பெண்ணும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியாது. போர்டிங்கில் இரண்டு வருடம் பின்னியும் துணியைப் பார்த்து எண்ணக் கற்றுக்கொள்ளவில்லை. டீச்சர் சொல்லிக்கொடுத்த அன்று தலைவலி என்று படுத்துவிட்டேன், பிறகு கேட்க வெட்கம். கொட்டையை வைத்தே பரிசும் வாங்கிவிட்டேன்.

பின்பக்கம் தொண்ணூற்றாறு வந்தது. முன்பக்கம் தொண்ணூறு. மூன்று தடவை எண்ணினேன். டப்பாவில் கொட்டை தொண்ணூற்றாறு. அப்படியென்றால் நான் திரும்ப எடுத்துப் போட்ட அந்த ஆறு கொட்டைக்குப் பின்னல் இல்லை. எழுபத்தெட்டுதான் சரி. கொட்டையை எடுத்தவர் ஆறு வரிசையைப் பிரித்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறார்.

இதைவிடப் பெரியது இனிமேல்தான். ஷீலா, அந்தச் சாயங்காலம் முன்பக்கத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு கண்ணி நழுவிச் சுண்டுவிரல் நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை. நான் பார்த்தேன். பிரிக்கச் சோம்பல், பிரித்தால் திரும்ப ஊசியில் ஏற்ற வருமோ வராதோ என்று பயம். நெஞ்சுப் பக்கம்தானே, அதன்மேல் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்துவிடலாம் என்று நினைத்து மடித்து வைத்தேன். காலையில் பார்த்தால் ஓட்டை இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் கண்தான் மயங்கியிருக்கிறது என்று கர்த்தருக்குத் தோத்திரம் சொன்னேன். அதே கையோடு டப்பாவை எண்ணி, ஆறு குறைகிறது என்று உன்மேல் கோபப்பட்டேன். ஓட்டை போனதையும் கொட்டை போனதையும் சேர்த்து யோசிக்க எனக்கு அப்போதே புத்தி இருந்தது. யோசிக்க மனசு வரவில்லை.

எல்லோர் முன்னாலும் பைபிளை நீட்டினபோது அந்த ஓட்டை என் ஞாபகத்தில் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அண்ணனிடம்கூட.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்துப் பரிமாறியும் விட்டேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கொட்டையை எடுத்தது நீதானே? அப்படியானால் ஏன் சொல்லவில்லை?

ஜாய்ஸ்


அருப்புக்கோட்டை
19.7.1987

அன்பின் ஷீலாவுக்கு,

ஒன்றரை மாதமாகிறது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்கு வந்துவிடுகிறேன். திட்டியாவது எழுது. சுகமாக இருக்கிறாயா என்று மட்டுமாவது எழுது.

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "ஷீலா பொய் சொல்லாது. பேசாம வேணா இருக்கும்" என்றார். தெரிந்தா இத்தனை நாள் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். "நீயா சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார். அதன் பிறகு அவருக்கு நேராக உட்கார முடியவில்லை.

ஜாய்ஸ்


கோத்தகிரி
30.8.1987

அன்பின் மதினிக்கு,

தோத்திரம். நான் சுகம். பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். எழுதியதை எல்லாம் கிழித்தேன். கோபத்தில் எழுதினால் பிறகு நான்தான் வருத்தப்பட வேண்டும்.

எடுத்தது நான்தான். விடியக்காலம் பால் வாங்க எழுந்தபோது ஜன்னல் பக்கம் ஸ்வெட்டர் கிடந்தது, ஓட்டை கண்ணில் பட்டது. ஆறு வரிசை பிரித்து, நழுவிய கண்ணியைப் பிடித்து ஊசியில் ஏற்றினேன். பிரித்த வரிசைக்குக் கொட்டை இருந்தால் உங்கள் எண்ணிக்கை தப்பிவிடும் என்று ஆறை எடுத்தேன். அதற்கு மேல் பின்னவும் நினைத்தேன், ஆனால் என் கை இறுக்கம், உங்கள் கை தளர்வு, பார்த்தால் தெரிந்துவிடும் என்று விட்டேன். திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு எனக்கு இன்டர்வியூ. முதல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். நீங்கள் எண்ணியதும் திரும்பப் போட்டதும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். தொட்டாயா என்று கேட்டீர்கள். தொட்டேன். பைபிள்மேல் கை வைத்துத் தொடவில்லை என்று எப்படிச் சொல்வது? தொட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். மதினி பின்னலில் ஓட்டை விழுந்தது, அதைத்தான் சரி பண்ணினேன் என்று உங்கள் அம்மா, பெரியப்பா, தம்பி எல்லோர் முன்னாலும் எப்படிச் சொல்வது? அந்த வீட்டில் உங்களுக்கு இருந்த பெயரே பின்னலால்தானே. நீங்களே சொல்லிவிடுவீர்கள் என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். பிறகு நேரம் கடந்துவிட்டது.

என்மேலும் தப்பு இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். உங்களை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்பது பாதிதான் உண்மை. பரிசு வாங்கிய மதினிக்கு ஓட்டை விழுகிறது, உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்ட எனக்கு விழுவதில்லை என்று எனக்குள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. அதை வைத்துக்கொள்ளத்தான் சொல்லாமல் போனேன். அந்தச் சந்தோஷத்துக்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

அன்றைக்குப் பேசியதை ஆத்திரத்தில் பேசியது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மதினி, நான் முறையை எழுதியது ஜனவரி 4. நீங்கள் எண்ணியது 11. கல்யாணம் மே 14. நடுவில் பதினேழு வாரம். அதை நான் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இனி பாலவனத்தத்தில் எதுவும் சொல்ல வேண்டாம். அந்த வீட்டில் இப்போது காரியாபட்டிப் பிள்ளை இருக்கிறது. அதற்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

அண்ணனுக்கு மறுபடியும் தைலம் அனுப்புகிறேன்.

ஜெப ஷீலா


அருப்புக்கோட்டை
18.10.1987

அன்பின் ஷீலாவுக்கு,

தோத்திரம். உன் அண்ணனும் நானும் சுகம். தைலம் வந்தது.

நீ எண்ணின பதினேழு வாரத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த வாரம் சொல்லுவோம் என்று நினைத்தேன். அம்மா ஊரெல்லாம் போய் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறதை நினைத்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். பத்திரிகை அடித்த பிறகு, இனி சொல்லி என்ன என்று ஒரு சாக்குக் கிடைத்தது. சாக்குக் கிடைத்ததில் எனக்கு நிம்மதிகூட வந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பார்கள் என்று சொல்வார்கள், நான் மாடு தெருவைத் தாண்டட்டும் என்றே காத்திருந்தேன்.

அந்த ஸ்வெட்டரின் முன்பக்கத்தை எழுபத்தெட்டாவது வரிசை வரை பிரித்தேன். டப்பாவைத் தொடவில்லை. நீ எழுதினபடி துணியைப் பார்த்தே எண்ணி, பத்துக்கு ஒரு சிவப்பு முடிச்சுப் போட்டுப் பின்னி முடித்தேன். இன்பராஜ் லீவில் வந்திருக்கிறான் என்று தெரிந்து போன சனிக்கிழமை பாலவனத்தம் கொண்டுபோனேன். நீ சொல்ல வேண்டாம் என்றதால் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம் என்றுதான் போனேன்.

போட்டுப் பார்த்தான். முன்னும் பின்னும் சரியாக நின்றது. பியூலா சுற்றிவந்து பார்த்துவிட்டு வெள்ளந்தியாகக் கேட்டது: "நல்லாத்தானே இருக்கு மதினி. பின்ன ஏன் ஒரு வருசமா பெட்டியில கெடந்துச்சு?"

அம்மா என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லிச் சமாளி என்கிற பார்வை. சமாளிக்க எனக்குத் தெரியும், ஒரு வருடமாக அதைத்தானே செய்கிறேன். ஆனால் அவன் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே நின்றான்.

"ஆறு வரிசை நான் தப்பா எண்ணிட்டேன். வேற யாரு மேலயும் தப்பில்ல. என் கைதான்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன், ஷீலா. உன் பெயரை எடுக்கவில்லை. பியூலாவுக்கு ஒன்றும் புரியவில்லை, "இதுக்கா இம்புட்டு நாளு" என்று சிரித்தது. அம்மா அடுப்படிக்குப் போனவர்கள் வெளியே வரவில்லை. இன்பராஜ் ஸ்வெட்டரைக் கழற்றி, கையை உள்ளே மடித்து, கட்டிலில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனான். வெக்கையில போட்டதுல வேர்த்திருச்சு போல என்றது பியூலா. அவன் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தான். சாப்பிடக் கூப்பிட்டபோதும் பசியில்லை என்றான்.

பஸ் ஏற்றிவிட வந்தான். பஸ் வந்து நான் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கோத்தகிரியில குளிரு ரொம்ப இருக்குமாக்கா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன்.

உன்னிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவு பண்ணியிருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். மன்னித்துக்கொள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வா. உன் அண்ணன் உனக்குத் தனியாக எழுதி இதே கவரில் வைத்திருக்கிறார்.

உன் மதினி,
ஜாய்ஸ்


கோத்தகிரி
15.11.1987

அன்பின் மதினிக்கு,

தோத்திரம். நான் சுகம். அண்ணன் எழுதியது கிடைத்தது. ஐந்து வரிதான், ஆனாலும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். 23ஆம் தேதி காலையில் மதுரை வந்து, அங்கிருந்து பஸ் ஏறுவேன். அண்ணனை மில்லில் லீவு போட வைக்க வேண்டாம்.

ஸ்வெட்டர் சரியாக வந்தது சந்தோஷம். நீங்கள் சொன்னதும் சந்தோஷம். அந்த வீட்டில் உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உங்கள்மேல் இப்போது கோபம் இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எதையும் மறைக்காமல் எழுதியதாகச் சொன்னீர்கள். பஸ் ஜன்னலில் கேட்டதை மட்டும் மறைத்திருக்கலாம். டப்பாவைத் தொட்டுக் கெடுத்தவள் என்றுதான் உங்கள் தம்பி என்னை நினைத்துப் போனார் என்று இந்த ஒரு வருடமாக நினைத்திருந்தேன். அது எனக்குப் பழகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு இங்கே என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பியூலாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அண்ணன் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே குளிர் ரொம்பத்தான், மதினி.

ஷீலா